பேரத்துக்கு விட்ட இடம்

தங்கச்சாமி டாக்டரிடமும் பேரம் பேசுவார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால், "காலைல மட்டும் போட்டா பத்தாதா சார்?" என்று ஆரம்பித்து, அரை மாத்திரையாவது இறக்காமல் எழுந்து வரமாட்டார். கஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. கோயிலுக்குக் கொடுப்பார், கல்யாண வீட்டில் தாராளமாக மொய் எழுதுவார். ஆனால் ஒருவர் சொன்ன அளவை அப்படியே ஒத்துக்கொள்வது அவருக்கு நடுப் பஜாரில் வேட்டி அவிழ்ந்த மாதிரி. சொல்கிறவன் எவனாக இருந்தாலும் வெட்டுவதற்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் சொல்வான், அந்த இடத்தைத் தொடாமல் திரும்புகிறவன் ஏமாளி என்பது அவர் பன்னிரண்டு வயதில் தாள் கடையில் நின்று படித்த படிப்பு. சிவகாசிக்கும் ஆமத்தூருக்கும் நடுவே ரோட்டோரம் நிற்கிற அவருடைய காலண்டர் அச்சகம் அந்தப் படிப்பில் எழும்பியதுதான்.

போன வருஷம் ஐப்பசியில் வழக்கத்துக்கு மேல் மழை விடாமல் கொட்டியது. கரிசல் தண்ணீரை விழுங்கவும் செய்யாது, விடவும் செய்யாது. அச்சகத்துத் தரை வேர்த்தது. அடியில் அடுக்கியிருந்த ஆர்ட் பேப்பர் கட்டுகள் நெளிந்து அப்பளமாகிவிட்டன. அன்றைக்கே தங்கச்சாமி முடிவு செய்துவிட்டார், கூரைக்கும் தரைக்கும் நடுவில் இரும்புப் பரண் ஒன்று போட்டு, சரக்கு முழுவதையும் மேலே ஏற்றிவிடுவதென்று.

மதுரையிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். இடத்தை அளந்தார், டீ குடித்தார், தன் கூலியைச் சொன்னார். தங்கச்சாமி பதிலுக்கு ஒன்று சொன்னார். அந்த ஆள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனவர்தான்.

"கெடக்கான்," என்றார் தங்கச்சாமி. "வீட்டுல பாதி இஞ்சினியர் இருக்கையில முழு இஞ்சினியர் எதுக்கு?"

பாதி இன்ஜினியர் அவருடைய மருமகள் ஆர்த்தி. மல்லாங்கிணற்றில் மானாவாரி விவசாயம் பார்க்கிற குடும்பத்துப் பெண். சிவில் இன்ஜினியரிங்கில் இரண்டு வருஷம் முடித்திருந்தபோது இந்தச் சம்பந்தம் வந்தது. மீதிப் படிப்பை இங்கே வந்து முடித்துக்கொள்ளட்டும் என்று நிச்சயதார்த்தத்தில் பேச்சு. அந்தப் பேச்சு தாம்பூலத்தோடு மடிக்கப்பட்டது, பிறகு யாரும் பிரிக்கவில்லை. மகள் பிரீத்தி பிறந்து மூன்று வயதாகிவிட்டது.

"எந்நேரமும் அந்தச் செல்போனத்தான பாத்துக்கிட்டு இருக்க தாயி," என்றார் மாமனார். "பரண் போடுற பாடம் எதும் அதுல வருதான்னு பாரு. சும்மா வருதுல்ல?"

வந்தது. உலோகங்களின் வலிமை, உருக்குக் கட்டமைப்பு என்று ஒரு வடநாட்டு வாத்தியார் வரிசை வரிசையாக வீடியோ போட்டிருந்தார். அடுக்களையில் உப்பு ஜாடியில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆர்த்தி பார்க்க ஆரம்பித்தாள். குழம்பு கொதிக்கும்போது உத்தரத்தின் வளைவு, சோறு வடிக்கும்போது நடுவில் எவ்வளவு தொங்கும் என்கிற கணக்கு. மாமியார் லட்சுமிகாந்தம் காய் நறுக்கிக்கொண்டே அவளோடு சேர்ந்து பார்ப்பார்.

"யாருடி இவன், தெனம் ஒரு கோட்டப் போட்டு அது மேல அம்பு அம்பா விடுதான்? சண்ட எப்பத்தான் முடியும்?"

"அது பாரம் அத்தை. மேலருந்து அமுக்குறதுக்கு அப்படி அம்புக்குறி போடுவாக."

"ஒன் புருசனுக்கு ஒண்ணு போடு. மேலருந்து அமுக்க ஆளு இல்லாமத்தான் திரியுதான்."

ஆர்த்திக்குக் கல்லூரியில் புரியாதது இப்போது புரிந்தது. கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சும்போது கரண்டியால் ஒரு இழுப்பு இழுத்துத் தன் கணவன் ராஜபாண்டியனிடம் காட்டினாள். "இங்க பாருங்க, நீளுதா? இரும்பு இப்படித்தான். வளையும், நீளும், நமக்குச் சொல்லிட்டுத்தான் ஒடியும். ஆறிப்போன மிட்டாய் மாதிரி படக்குன்னு ஒடியாது." ராஜபாண்டியன் பாகு விரலை நக்கிக்கொண்டே தலையாட்டினான். மறுநாள் அச்சகம் முழுக்க அதைச் சொன்னான். "இரும்பு நோட்டீஸ் குடுத்துட்டுத்தாம்லே விழும். எம் பொண்டாட்டி சொல்லுதா."

கணக்கை முடித்தபோது அவளுக்கு வந்த விடை பன்னிரண்டு இஞ்ச் உயர பீம். நாலு பீம், குறுக்கே பிணைக்க ஆங்கிள். ஆனால் அவள் அந்த வீட்டில் நாலு வருஷம் சோறு பொங்கியவள். வெள்ளைத்தாளில் அழகாக வரைந்து, பதினாலு இஞ்ச் என்று எழுதிக் கொடுத்தாள்.

தங்கச்சாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "பதினாலா? கப்பலா கட்டுறோம்? பன்னெண்டு போதும்."

"சரி மாமா," என்றாள் ஆர்த்தி முகத்தைத் தொங்கப்போட்டு. அடுக்களைக்குள் வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத் தனக்குள் வைத்திருக்கலாம். பெருமை யாரை விட்டது? சாப்பாட்டு வேளையில் ராஜபாண்டியனுக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள். "மாமா வெட்டுவாகன்னு தெரிஞ்சுதான் ரெண்டு இஞ்ச் கூட்டி எழுதினேன். எனக்கு வேண்டியது பன்னெண்டுதான்." அவனுக்குத் தாங்கவில்லை. கை கழுவக்கூட இல்லை, எச்சில் கையோடு அப்பாவிடம் போய்ச் சொன்னான். குற்றம் சொல்லவில்லை பாவம், பெண்டாட்டியின் சாமர்த்தியத்தைச் சொன்னான்.

தங்கச்சாமி கோபப்படவில்லை. அதுதான் வினை. கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தார். "மல்லாங்கிணத்துப் புள்ள நம்ம தொழிலக் கத்துக்கிட்டாளே!" மருமகளைக் கூப்பிட்டு, விருதுநகர்க் கடைப் புரோட்டாப் பொட்டலம் ஒன்றைப் பரிசு மாதிரி கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு அந்தத் தாளை எடுத்தார்.

"இப்ப நெசத்தச் சொல்லு தாயி. பத்து இஞ்ச் போதும்ல?"

"இல்ல மாமா. பன்னெண்டுதான் நெசம்."

"பதினாலு எழுதையிலயும் ஒம் மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு."

"சத்தியமா மாமா."

"ஏவாரத்துல சத்தியம் எதுக்கு? கணக்கச் சொல்லு. ஆர்ட் பேப்பர் எடை ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"ஒங்களுக்குத்தான்."

"நான் சொன்ன எடையத்தான போட்ட?"

"அதத்தான் போட்டேன். அத ஒண்ணரையால பெருக்கணும்."

"ஏன்?"

"சொன்னதுக்கு மேல ஏத்திட்டா தாங்கணும்ல. பாதுகாப்புக்கு."

"சரி. அப்புறம்?"

"இரும்போட பலத்தக் கொஞ்சம் கொறச்சு எடுத்துக்கிடணும். இரும்பு எல்லாம் ஒண்ணு போல இருக்காது."

தங்கச்சாமி மகனைப் பார்த்தார், மகன் அவரைப் பார்த்தான். ஒரு திருட்டுத் தராசைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவர் முகத்தில்.

"பாத்தியாலே? பாரத்துல ஒரு கமிசன், இரும்புல ஒரு கமிசன். இதுல அந்த வாத்தியான் ஒம் பொண்டாட்டிக்கு அண்ணன். எவனோ வெட்டப் போறான்னு தெரிஞ்சு அவன் கூட்டிச் சொல்லிருக்கான். அது மேல இவ ரெண்டு இஞ்ச் கூட்டிருக்கா."

"மாமா, அது வெலை இல்ல. அதுல வெட்டக் கூடாது."

"வெட்டக் கூடாதுன்னு சொல்லாம எவன்மா வித்திருக்கான்?"

பத்து இஞ்ச் முடிவானது. பழைய இரும்புக் கடையில் பீம் எடுக்கப் போன இடத்தில் மூன்றுதான் நேராகக் கிடைத்தது, நாலு மூன்றானது. குறுக்கு ஆங்கிளை வெல்டர் செல்லப்பாண்டி தேவையில்லை என்று சொல்லிவிட்டான். பட்டாசுக் கம்பெனி ஷெட், அச்சாபீஸ் ஷெட் என்று வட்டாரத்தில் பாதிக்கு மேல் அவன் பற்றவைத்தது. வைகாசி வெயிலில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஏணியில் நின்றவனிடம் ஆர்த்தி போய்க் கேட்டாள்.

"குறுக்க ஆங்கிள் போடலையாண்ணே?"

"எதுக்குச் சின்னம்மா? பீம் என்ன ஓடியா போயிரும்? என் கை பட்ட எதுவும் இதுவரைக்கும் விழுந்ததில்ல."

"விழாததெல்லாம் சரியாப் போட்டதுன்னு அர்த்தமாண்ணே?"

"விழாதது விழாததுதான். மொதலாளியக் கேட்டுக்கோங்க," என்று கண்ணாடி முகமூடியை இறக்கிக்கொண்டான். பொறி தெறித்தது. அவள் பின்னால் நகர வேண்டியதாயிற்று.

ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவந்தது. ஆர்டர் குவிந்தது. பரண் மேல் கட்டுகள் ஏற ஏற, கீழே வேலை பார்க்கிற பெண்களுக்கு நிழல் கிடைத்தது. காலண்டர்த் தாளை அடுக்கி, மேல் ஓரத்தில் தகரப் பட்டை அடிக்கிற கூட்டம் அது. எத்தனை உருப்படி முடிக்கிறார்களோ அதற்குத்தான் கூலி. தகரம் அடிக்க நல்ல வெளிச்சம் வேண்டும், வியர்வை தாளில் சொட்டாமலிருக்கக் காற்று வேண்டும். ட்யூப்லைட்டும் ஃபேனும் பரணுக்கு அடியில்தான் மாட்டியிருந்தது.

ஆவணியில் ஆர்த்தி வீடியோ வரிசையில் பின்னால் இருந்த ஒரு பாடத்துக்கு வந்து சேர்ந்தாள். பீம் கீழே தொங்குவது ஒரு வகை. குறுக்கு ஆங்கிள் மாதிரிப் பக்கவாட்டில் பிணைப்பு இல்லாவிட்டால் மேல்விளிம்பு ஒரு பக்கமாகத் திரும்பி, மொத்தமாக மடங்கிப் படுத்துவிடுவது இன்னொரு வகை. அதற்கு முன்னறிவிப்பு அவ்வளவாகக் கிடையாது. வாத்தியார் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து அமுக்கிக் காட்டினார். ஸ்கேல் நின்றது, நின்றது, சட்டென்று திரும்பியது. ஆர்த்தி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சொன்னாள். "நான் முன்ன சொன்னது முழுசும் சரி இல்ல மாமா. சொல்லாமலும் விழும்."

"முன்ன சொன்னது தப்பு?"

"தப்புன்னு இல்ல. அது வேற பாடம். இது நான் அப்ப படிக்கல."

"அப்ப இன்னும் நாலு வீடியோ பாத்தா இதும் தப்புன்னு வருவ," என்றார் தங்கச்சாமி, ரசத்தை உறிஞ்சிக்கொண்டு. லட்சுமிகாந்தம் சேர்த்துக்கொண்டார்: "ஒங்கப்பன் வயலுக்கு மழை வருமான்னு பாத்துச் சொல்லு மொதல்ல. இரும்புக்குப் பெறகு வரலாம்."

புரட்டாசி பிறந்ததும் பரணுக்கு அடியில் இருந்த சின்ன ஆபீஸ் அறையின் கதவு இறுகியது. பீம் தொங்கி, நிலை அழுந்தி, கதவு மேலே உரசியது. ஆர்த்தி ஓடிப்போய்க் காட்டினாள். "நோட்டீஸ் வந்துருச்சு மாமா." தங்கச்சாமி கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். ஆசாரியை வரச்சொல்லி மேல்விளிம்பை அரை இஞ்ச் இழைத்துவிட்டார். கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது.

அதற்குப் பிறகு அவள் மாமனாரிடம் பேசவில்லை. நேரே தகரம் அடிக்கிற மாரித்தாயிடம் போனாள். மாரித்தாய் ஆமத்தூர்க்காரி, அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி.

"மாரித்தாயக்கா, இங்கன உக்காராதீக. அந்தச் செவத்துப் பக்கம் போயிருங்க."

"அங்கன வெளிச்சமில்ல, காத்தில்ல. ஒரு நாளைக்கு அடிக்கிறதுல பாதிதான் அடிக்க முடியும். ஏம்மா?"

"இது தாங்காது. கணக்குப் போட்டுட்டேன்."

மாரித்தாய் அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஆர்த்தியின் முகத்தை அதைவிட நேரம் பார்த்தாள். "படிச்சவுக சொல்றீக," என்று சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். அவளோடு நாலைந்து பேர் எழுந்தார்கள். வெக்கையடிக்கிற சுவரோரம் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தகரம் அடித்தார்கள். சனிக்கிழமைக் கூலி சுருங்கியது. மாரித்தாயின் மருமகன் வந்து அச்சகத்து வாசலில் கத்திவிட்டுப் போனான்.

பரண் விழவில்லை.

"இன்னைக்கு விழுமா, நாளைக்கு விழுமா?" என்று ராஜபாண்டியன் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்பான். "விருந்தாடி வாராக, அவுக போன பெறகு விழச் சொல்லுடி," என்பார் மாமியார். பக்கத்து அச்சாபீஸ் முதலாளிகள் வந்து பரணைக் கோயில் கோபுரம் மாதிரி அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஆர்த்தி முதலில் விழக்கூடாது என்று வேண்டினாள். பிறகு ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து விழட்டும் என்று வேண்டினாள். பிறகு ஒருநாள் சாம்பார் கரண்டியோடு நின்றுகொண்டு, எப்போதானாலும் விழுந்து தொலையட்டும் என்று நினைத்துவிட்டாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்குப் பொட்டு, வாழைக்கன்று, பொரி, சுண்டல். ஆர்த்தி கீழே பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது தங்கச்சாமி பரண் மேல் நின்றிருந்தார். சாமி படத்தையும் மேலே ஏற்றியிருந்தார்கள்.

"இந்தத் தடவ பூச மேலதான். எல்லாரும் ஏறுங்க! மருமக மட்டும் கீழ நிக்கட்டும், விழுந்தா சொல்லணும்ல."

சிரிப்பு அள்ளியது. ஆபரேட்டர், பைண்டர், லோடுமேன், உறவுக்காரர்கள் என்று படியில் திமுதிமுவென்று ஏறினார்கள். இரும்பு மெல்ல முனகியது. அப்போதுதான் அவள் கவனித்தாள். மாமனாரின் இடுப்பில் பட்டுப்பாவாடையோடு பிரீத்தி பொரி தின்றுகொண்டிருந்தது.

"மாமா, பிரீத்தியக் குடுங்க."

"ஏன், தாத்தாகிட்டத்தான இருக்கு?"

"குடுங்க மாமா."

"ரெண்டே வார்த்த சொல்லிட்டு வாங்கிக்கோ. இது விழாது, நான் படிச்சது தப்பு. அம்புட்டுத்தான்."

அவள் படியை நோக்கி ஓடினாள். படியடியில் ராஜபாண்டியன் குறுக்கே நின்றான். "சொல்லிருடி. பூச நேரத்துல அப்பாகிட்ட என்ன மல்லுக்கட்டு?"

மேலே யாரோ தாளம் போட்டுக் காலை உதைத்தார்கள். நடு பீமின் மேல்விளிம்பு ஒரு விரற்கடை சாய்ந்து நின்றதை அவள் கண் பார்த்தது.

"இப்போதைக்கு விழாது," என்றாள்.

"இப்போதைக்குங்கறது வேண்டாம்."

"இன்னைக்கு விழாது மாமா."

"தாயி, எங்கிட்டயே இடம் விட்டுச் சொல்லுதியே."

எல்லாரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே ஏறாமல் சுவரோரம் நின்ற மாரித்தாயும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரீத்தி ஒரு கை பொரியை அம்மாவின் தலையில் போட்டுவிட்டுக் கைதட்டியது.

"விழாது," என்றாள் ஆர்த்தி. "எப்பவும் விழாது. நான் படிச்சது தப்பு."

"சத்தமா."

"நான் படிச்சது தப்பு!"

தங்கச்சாமி இறங்கி வந்து குழந்தையைக் கொடுத்தார். சொன்ன வாக்கை மீறுகிற ஆள் இல்லை அவர்.

மறுநாள் விஜயதசமி. புது வேலை தொடங்க நல்ல நாள் என்று காலையிலேயே இரண்டு லோடு பேப்பர் வந்து வாசலில் நின்றது. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆர்த்தி அச்சகத்துக்கு வந்தபோது, மாரித்தாய் சாக்கை இழுத்துப் பரணுக்கு அடியில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"மாரித்தாயக்கா, எந்திரிங்க."

"எதுக்குங்க?"

"நான் நேத்து சொன்னது பொய்."

"முந்தி சொன்னது?"

"அதுதான் நெசம்."

மாரித்தாய் சுத்தியலைத் தேடி எடுத்தாள். "ஒங்க புள்ளைக்கு ஒரு பேச்சு, எங்களுக்கு ஒரு பேச்சாம்மா? அம்புட்டுப் பேரு முன்னாடி விழாதுன்னு சொன்னீகளே, நாங்க செவத்துல வெந்துக்கிட்டுக் கெடந்தமேன்னு ஒரு நெனப்பு வந்துச்சா ஒங்களுக்கு?"

"புள்ள மேல இருந்துச்சுக்கா..."

"எங்களுக்கும் புள்ள இருக்கு. கூலியக் கொண்டு போய்த்தான் அதுகளுக்கு ஒல வைக்கணும். போங்கம்மா, வேலையக் கெடுக்காம."

வாசலில் லோடுமேன்கள் முதல் கட்டைத் தோளில் ஏற்றினார்கள். ஆர்த்தி சுற்றிப் பார்த்தாள். செல்லப்பாண்டி படியில் உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டிருந்தான். ராஜபாண்டியன் செல்லில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவள் வார்த்தை இனி இங்கே செல்லாது. உடம்பு ஒன்றுதான் இருந்தது. நேரே போய், நடு பீமுக்குக் கீழே, மாரித்தாய்க்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எந்திரிக்க மாட்டேன் மாமா. இதுக்கு மேல ஏத்தாதீக."

தங்கச்சாமி ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்தார். மருமகளைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். ஒரு நொடி, ஒரே நொடி, அவர் நெற்றி சுருங்கியது. பிறகு, கடைசி விலை என்று அழுகிறவன் கண்ணில் இன்னும் கொஞ்சம் இடம் தெரிகிறபோது அவருக்கு வருகிற அந்தச் சிரிப்பு வந்தது.

"பாத்தீகளா? இஞ்சினியரே அடியில உக்காந்துட்டா. நம்பிக்கை இல்லாமலா உக்காருவா? ஏத்துங்கலே!"

சுவரோரம் மிச்சமிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். முதலாளி வீட்டு மருமகளே உட்கார்ந்திருக்கிற இடம். சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அவளைச் சுற்றி விரித்து, தாளை இறக்கி, தகரத்தைப் பரப்பினார்கள். "வராதீக, வராதீக" என்று ஆர்த்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். மேலே கட்டுகள் விழுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பின்னால் வந்து உட்கார்ந்தவள் அவள் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, காத்த மறைக்கீக."

ஆர்த்தி தள்ளி உட்கார்ந்தாள்.